ஸ்டானா, பைஎம்சியா, நம்பைரோவா? எட்டுப் பள்ளிக் கணக்கில் ஓட்டிப் பார்ப்போம்

பேய்சியன் மாடலிங் (முன்னூகத்தைத் தரவால் திருத்தி, விடையை நிகழ்தகவாகச் சொல்லும் புள்ளியியல் முறை) பழக வருகிறவர்கள், அதற்கான மென்பொருள்களான ஸ்டான், பைஎம்சி, நம்பைரோ மூன்றில் எந்தக் கருவி நல்லது என்று தேடியே பல நாளைக் கழித்துவிடுகிறார்கள். ஒரே சின்னக் கணக்கை மூன்றிலும் ஓட்டிப் பார்த்தால் ஒரு மாலையில் தெரிந்துவிடும்.

படி 1: தரவு. அமெரிக்காவில் எட்டுப் பள்ளிகளில் எஸ்ஏடி என்ற கல்லூரி நுழைவுத் தேர்வுக்கான பயிற்சியால் மதிப்பெண் எவ்வளவு கூடியது என்று புள்ளியியலாளர் டொனால்ட் ரூபின் 1981-இல் ஆராய்ந்த எண்கள் இவை: 28, 8, -3, 7, -1, 1, 18, 12. அவற்றின் திட்டப் பிழைகள் (ஒவ்வோர் எண்ணும் எவ்வளவு தவறியிருக்கலாம் என்பதன் அளவு): 15, 10, 16, 11, 9, 11, 10, 18.

படி 2: மாடலைக் காகிதத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் ஓர் உண்மையான பலன் உண்டு. அந்த எட்டும் ம்யூ என்ற சராசரியைச் சுற்றி டௌ அளவுக்குப் பரவியிருக்கின்றன. ம்யூவுக்கு நார்மல்(0, 5) (மணி வடிவப் பரவல்), டௌவுக்கு ஹாஃப்-கோஷி(5) (பூஜ்யத்துக்கு மேல் மட்டும் போகும், நீண்ட வால் கொண்ட பரவல்) ப்ரையர், அதாவது தரவைப் பார்க்கும் முன்னான ஊகம், வையுங்கள். இதைத் தவிர்த்துவிட்டு நேராக நிரல் எழுதப் போகாதீர்கள்.

படி 3: நிறுவல். ஸ்டானுக்குத் தனி மொழி. அது சி++ ஆக மாறிக் கம்பைல் ஆவதால் கம்பைலர் வேண்டும். ஆர், பைத்தான் ஆகிய நிரல்மொழிகள் இரண்டிலிருந்தும் அழைக்கலாம். பைஎம்சி முழுக்கப் பைத்தான். நம்பைரோவும் பைத்தான்தான், ஆனால் ஜாக்ஸ் என்ற வேகக் கணக்கு நூலகத்தின் மேல் நிற்பதால் ஜிபியு (வரைகலைச் செயலி) இருந்தால் பயன்படுத்திக்கொள்ளும்.

படி 4: ஓட்டுங்கள். மூன்றிலும் நட்ஸ் சாம்ப்ளரையே (சாத்தியமான விடைகளிலிருந்து மாதிரிகளை எடுக்கும் வழிமுறை) பயன்படுத்துங்கள். அப்போதுதான் ஒப்பீடு நியாயமாக இருக்கும். நம்பைரோ நீங்கள் சொல்லாவிட்டால் ஒரே ஒரு செயினைத்தான் (தனித்து ஓடும் மாதிரித் தொடர்) ஓட்டும். நான்கு என்று கேளுங்கள்.

படி 5: எச்சரிக்கையைப் படியுங்கள். எனக்கு இதுதான் மிக முக்கியம். டௌ பூஜ்யத்தை நெருங்கும்போது எட்டுப் பலன்களும் ஒரு புனலின் குறுகிய வாய்க்குள் நெரிபடும். சாம்ப்ளர் அங்கே நுழைய முடியாமல் டைவர்ஜென்ஸ், அதாவது பாதை தவறிய அடிகள், வரும். ஸ்டானும் பைஎம்சியும் இதை முகத்துக்கு நேரே சொல்லிவிடும். நம்பைரோவில் சுருக்க அட்டவணையை அச்சிட்டு, அதன் அடியில் உள்ள டைவர்ஜென்ஸ் எண்ணிக்கையை நீங்களே பார்க்க வேண்டும். தொடக்கத்தில் பைஎம்சியைப் பரிந்துரைக்க இதுவே என் காரணம். ஆர் பழகியவர்களுக்கு ஸ்டான்.

படி 6: சரிசெய்யுங்கள். பலனை நேராக எழுதாமல், நார்மல்(0, 1) எண் ஒன்றை டௌவால் பெருக்கி ம்யூவைக் கூட்டுங்கள். மாடல் அதேதான், புனல் மட்டும் மறைந்துவிடும். அப்புறம் ஆர்-ஹாட் (செயின்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் எண்) 1.01-க்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் சரி என்றால் மூன்று கருவிகளிலும் முதல் பள்ளியின் 28, பொதுச் சராசரிப் பக்கம் இழுக்கப்பட்டு, ஏறக்குறைய 6-க்கு இறங்கியிருக்கும்.