13 நாள் கழித்து வரும் புயல்: தொலைதூர வானிலைக் கணிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு தம்பி தன் போனில் ஒரு வரைபடத்தைக் காட்டினார். கடலுக்கு நடுவே ஊதா நிறத்தில் ஒரு வட்டம், அதைச் சுற்றி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட மாதிரி அழுத்தக் கோடுகள். "அண்ணே, பெரிய புயல் வருது, பாருங்க." நான் படத்தின் மூலையில் இருந்த மணியைப் பார்த்தேன். 312. அதாவது 13 நாள் கழித்து வரப்போகிற புயல். வீட்டில் எல்லோருக்கும் ஏற்கெனவே சொல்லியாயிற்றாம்.

கோபம் வரவில்லை. வானிலை மாடல், அதாவது வளிமண்டலத்தைக் கணினியில் கணக்கிட்டுப் படம் போடும் நிரல், பார்க்கத் தொடங்கிய புதிதில் நானும் இதே வட்டத்தைக் காட்டிக்கொண்டு அலைந்தவன்தான். படத்தில் இருக்கும் நேரம் நம் நேரமல்ல, யூடிசி என்கிற உலகப் பொது நேரம் என்பதை மறப்பது, ஆறு மணி நேர மழையை ஒரு நாள் மழை என்று படிப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. இரண்டு முறை அசடு வழிந்தால் அவை தானாகச் சரியாகிவிடும். சரியாகாதவை வேறு.

ஒரே ஒரு ரன்னைப் பார்த்து அடுத்தவருக்கு நாள் குறிப்பது

நண்பரின் அண்ணன் வீடு கட்டிக்கொண்டிருந்தார். கூரைக்கு கான்கிரீட் போட ஒரு ஞாயிற்றுக்கிழமையை முடிவு செய்துவிட்டு, 11 நாள் முன்னதாக என்னிடம் கேட்டார். அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் மாடலில் 264-ஆம் மணிக்குப் போய்ப் பார்த்தேன். அவர் ஊர் மேலேயே அடர்சிவப்பில் மழை. முந்தைய இரண்டு ரன்களிலும், அதாவது அதற்கு முன் மாடலை ஓட்டிய இரண்டு முறையும், கிட்டத்தட்ட அதே இடத்தில் அதே சிவப்பு. மூன்று ரன் ஒரே மாதிரி சொன்னால் அப்புறம் என்ன சந்தேகம்? "அன்னைக்கு வேண்டாம்ணே, வியாழக்கிழமைக்குத் தள்ளிப் போட்டுடுங்க" என்றேன்.

தள்ளிப் போட்டார். மேஸ்திரிக்கும், கலவை மெஷின்காரருக்கும், ஆட்களுக்கும் மறுபடி சொல்லி, சென்ட்ரிங் பலகைக்கு நாலு நாள் கூடுதல் வாடகையும் கொடுத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. வியாழக்கிழமை பாதித் தளம் முடிந்திருந்தபோது, மூன்று மணிக்கு இடியோடு பிடித்துக்கொண்டது. தார்ப்பாயை இழுத்து மூடுவதற்குள் சிமென்ட் பால் பலகை இடுக்கு வழியே சாம்பல் நிறத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இன்றும் என்னை எரிச்சல்படுத்துவது அந்த 11 நாள் கணிப்பு பொய்த்தது அல்ல. வியாழக்கிழமை இடிமழைக்கு வாய்ப்பு இருப்பது புதன்கிழமை மாடலில் தெளிவாகவே இருந்தது. நான் பார்க்கவில்லை. நாளைத்தான் நாமே குறித்துக் கொடுத்துவிட்டோமே என்ற எண்ணம். நம்பக் கூடாத கணிப்பை நம்பியதில், நம்பத் தகுந்த கணிப்பைத் திறந்துகூடப் பார்க்காமல் விட்டேன்.

இது ஏன் நடக்கிறது என்றால், ஜிஎஃப்எஸ் ஒரு நாளைக்கு நான்கு முறை ஓடுகிறது. ஒவ்வொரு முறையும் 384 மணி நேரம், அதாவது 16 நாள் வரை படம் போடுகிறது. நான்கு ரன்களின் கடைசி ஒரு வாரத்தைத் தினமும் புரட்டிக்கொண்டிருந்தால், புயல் பருவத்தில் எங்கேயாவது ஓர் ஊதா வட்டம் கண்ணில் பட்டே தீரும். முதல் நாள் படத்துக்கும் 13-ஆம் நாள் படத்துக்கும் நிறம், கோடு எல்லாம் ஒரே மாதிரி. நம்பகத்தன்மை குறையக் குறையப் படம் மங்கலாகி வந்தால் நன்றாக இருக்கும். ஆனால் வருவதில்லை.

1961-இல் எட்வர்ட் லோரன்ஸ் என்ற அமெரிக்க வானிலை ஆய்வாளர் தன் கணினியில் ஒரு எளிய வானிலைக் கணக்கை நடுவிலிருந்து மறுபடி ஓட்டினார். 0.506127 என்று கொடுக்க வேண்டிய இடத்தில், அச்சில் இருந்தபடி 0.506 என்று கொடுத்தார். கொஞ்ச தூரம் பழைய விடையோடு ஒட்டிப் போன கணக்கு, அப்புறம் விலகி, முற்றிலும் வேறு வானிலையைக் காட்டியது. நிஜ வளிமண்டலத்தை அந்த மூன்று இலக்கத் துல்லியத்துக்குக்கூட எல்லா இடத்திலும் அளக்க நம்மிடம் வழியில்லை. குறிப்பிட்ட ஒரு நாளின் வானிலையைச் சொல்வதற்கு ஏறத்தாழ இரண்டு வாரம்தான் எல்லை என்பதும் இதனால்தான். மாடல்கள் தேறவில்லை என்று நான் சொல்லவில்லை. பத்தாண்டுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் அவை முன்னேறிவந்திருக்கின்றன, இன்றைய ஐந்தாம் நாள் கணிப்பு பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. நான் ஐந்தாம் நாளைப் பற்றிப் பேசவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு மருந்து என்செம்பிள். தொடக்க நிலையைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி, ஒரே மாடலைப் பல முறை ஓட்டுவது. 1992-இல் இருந்து அமெரிக்காவிலும் ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மையத்திலும் இது அன்றாட நடைமுறை. இப்படி ஓட்டும் ஒவ்வொன்றுக்கும் மெம்பர் என்று பெயர். ஐரோப்பிய மையத்தில் 51 மெம்பர்கள், ஜிஎஃப்எஸ்ஸின் என்செம்பிளான அமெரிக்க ஜிஇஎஃப்எஸ்ஸில் 31. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இதைத் திறந்திருந்தால் நான் பார்த்த சிவப்பு எத்தனை மெம்பர்களில் இருக்கிறது என்று எண்ணியிருக்கலாம். எண்ணிய பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது: அந்தப் பருவத்தில், அந்த வாரத்தில் வழக்கமாகவே மழைக்கு எவ்வளவு வாய்ப்பு என்று பார்ப்பது. ஐந்தில் ஒரு பங்கு மெம்பர்கள் மழை சொல்கின்றன, வழக்கமான வாய்ப்பும் ஐந்தில் ஒன்றுதான் என்றால், மாடல் உங்களுக்குப் புதிதாக எதையும் சொல்லவில்லை.

"மூன்று ரன் ஒத்துப்போச்சு" என்ற என் வாதம் இருக்கிறதே, அதைத் தூக்கிப் போடுங்கள். அடுத்தடுத்த ரன்கள் ஒரே மாடலின் பிள்ளைகள், சேர்ந்தே தப்பாகப் போகும். கணிப்பு பலிக்கும் என்பதற்கு அந்த ஒற்றுமை மிகவும் பலவீனமான சாட்சி.

என்செம்பிளின் சராசரியை மட்டும் பார்ப்பது

ஒரு படி முன்னேறியவர்கள் விழும் குழி. பாதி மெம்பர்கள் 40 மில்லிமீட்டர், மீதிப் பாதி சுத்தமாக வறட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 20. அந்த 20-ஐ ஒரு மெம்பர்கூடச் சொல்லவில்லை. புயலிலும் இதே கதைதான்: ஆளுக்கொரு இடத்தில் வலுவான சுழல் இருக்கும், சராசரிப் படத்தில் சோப்பு நுரை மாதிரி ஏதோ பரவிக் கிடக்கும்.

"60 சதவீதம்" என்பதை மழை அளவாகப் படிப்பது

பருவக் கணிப்பில் "இயல்புக்கு மேல், 60 சதவீதம்" என்று வந்தால், மழை 60 சதவீதம் கூடுதலாகப் பெய்யும் என்று படிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பழைய ஆண்டுகளின் மழையை வரிசைப்படுத்தி மூன்று சம பங்காகப் பிரிப்பார்கள்: இயல்புக்குக் குறைவு, இயல்பு, இயல்புக்கு மேல். எதுவும் தெரியாத நிலையில் ஒவ்வொன்றுக்கும் 33 சதவீதம். 60 என்றால் மேல்பங்கில் விழும் வாய்ப்பு 33-லிருந்து 60 ஆகியிருக்கிறது. எவ்வளவு கூடுதல் என்றோ, எந்த வாரம் என்றோ அதில் இல்லை. குறைவாகப் பெய்யவும் அதில் இடம் வைத்திருக்கிறார்கள்.

அந்த மொத்த மழையும் நாலே நாளில் கொட்டித் தீர்த்தாலும் கணிப்பு பலித்ததாகத்தான் கணக்கு.

எல் நினோ என்றதும் முடிவு கட்டுவது

பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதியும் கிழக்கும் வழக்கத்தைவிடச் சூடாவதுதான் எல் நினோ. அது பகடையின் ஒரு பக்கத்தைக் கனமாக்கும், பகடையை நிறுத்தி வைக்காது. எல் நினோ வருமா என்பதே மார்ச், ஏப்ரல் மாதங்களில் செய்யும் கணிப்பில் வழுக்கும். 2014-இன் தொடக்கத்தில் பசிபிக்கில் வெதுவெதுப்பான நீர் ஆழத்தில் கிழக்கு நோக்கி நகர்ந்ததைப் பார்த்துவிட்டு, பெரிய எல் நினோ வருகிறது என்று பலரும் எதிர்பார்த்தார்கள். அந்த ஆண்டு அது வரவில்லை. மிக வலுவானது 2015-16-இல் வந்தது.

15-ஆம் நாளுக்கு "31 டிகிரி, மாலை 4 மணிக்கு மழை"

ஆப் காட்டும். காட்டட்டும்.

கணக்கு வைக்காமல் இருப்பது

பலித்தவை நினைவில் நிற்கும், பலிக்காதவை கழன்று போகும். சொல்லும்போதே சதவீதத்தோடு எழுதி வையுங்கள். நடந்தால் 1, நடக்காவிட்டால் 0. அதற்கும் நீங்கள் சொன்ன வாய்ப்புக்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கப்படுத்திச் சராசரி எடுங்கள். கிளென் பிரயர் என்ற அமெரிக்க வானிலை ஆய்வாளர் 1950-இல் கொடுத்த முறை இது, எண் சிறியதாக இருந்தால் நல்லது. அப்புறம், தினமும் வழக்கமான வாய்ப்பையே கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்று பக்கத்தில் போட்டுப் பாருங்கள். 10 நாளுக்கு அப்பாலான என் பழைய கணிப்புகளில் கண்ணை மூடியவர்தான் ஜெயித்தார். அந்த நோட்டை இதுவரை யாருக்கும் காட்டியதில்லை.

ஸ்கிரீன்ஷாட்

எந்த மாடல், எந்தத் தேதி, எந்த ரன் என்று தெரியாமல் வெட்டிய படத்தை அனுப்பாதீர்கள். எனக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள்.