மாதச் சாமானும் வாரக் காய்கறியும்: கைக்காசைக் கரைக்கும் தவறுகள்

கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் சாப்பாட்டுச் செலவு எகிறினால் முதலில் எல்லோரும் மளிகைக் கடை பில்லைத்தான் எடுத்துப் பார்க்கிறார்கள். அதில் குறைக்க இடம் கொஞ்சம்தான். காசு போவது செவ்வாய், புதன் இரவு எட்டு மணிக்கு. ஃப்ரிட்ஜில் ஒரு வாழைப்பூ கிடக்கும், ஞாயிற்றுக்கிழமை வாங்கிய கீரைக்கட்டு கிடக்கும். பூவில் கள்ளன் (நடுவிலுள்ள வேகாத நரம்பு) எடுத்து, கீரையை ஆய்ந்து முடிப்பதற்கே முக்கால் மணி நேரம் ஆகும். பிள்ளைகளுக்குப் பசி. கை மொபைலுக்குப் போய்விடும். அன்று இரவு பரோட்டாவுக்கு ஒரு செலவு, வியாழக்கிழமை குப்பைக்குப் போகும் கீரைக்கு இன்னொரு செலவு.

இது சோம்பேறித்தனம் இல்லை. காய் வாங்கும்போது விலையைப் பார்த்தோம், பிள்ளைகளுக்குப் பிடிக்குமா என்று பார்த்தோம், என்றைக்குச் சமைக்கப்போகிறோம் என்று பார்க்கவில்லை. கோளாறு அங்கேதான்.

பதார்த்தம் எழுதிய பட்டியல், நேரம் எழுதாத பட்டியல்

வாரத் திட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் ஏழு நாளுக்கு ஏழு குழம்பு, ஏழு பொரியல் என்று எழுதுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். மூன்றாம் நாளே உடையும். எழுத வேண்டியது வேறு: எந்த இரவு எத்தனை நிமிடம் கையில் இருக்கிறது? டியூஷன் இருக்கிற நாள், ஷிஃப்ட் மாறுகிற நாள், விரத நாள் ஆகியவற்றை முதலில் குறித்துவிட்டு, 20 நிமிடம்கூட இல்லாத இரவுகளைத் தனியே எண்ணுங்கள். பல வீடுகளில் அப்படி இரண்டு அல்லது மூன்று இரவுகள் வரும். அந்த இரவுகளுக்கு மாவு, முட்டை, ஏற்கெனவே வேகவைத்த கடலை, கோதுமை ரவை உப்புமா என்று முன்கூட்டியே முடிவு செய்து வைத்தால் போதும். மற்ற நான்கைந்து நாள் இஷ்டம்போலச் சமைக்கலாம். ஏழு நாளையும் கட்டம் கட்டிப் பூட்டினால், சந்தையில் அன்றைக்கு மலிவாகக் கிடைக்கும் காயை வாங்க முடியாமல் போய்விடும்.

கெடும் வரிசையில் சமைக்காதது

ஞாயிற்றுக்கிழமை வாங்கிய காயை ஒரே மாதிரி நினைத்து, கைக்கு வந்ததை எடுத்துச் சமைப்பதுதான் அதிகம் நடக்கிறது. கோஸும் கேரட்டும் திங்கட்கிழமையே தீர்ந்துவிடும், வெண்டைக்காய் வெள்ளிக்கிழமை கொழகொழவென்று கிடக்கும். வரிசை தலைகீழ்.

முதல் இரண்டு நாள் கீரை, வாழைப்பூ, வாழைத்தண்டு. அதிலும் பூவும் தண்டும் ஞாயிறு அன்றே நறுக்கி மோர் கலந்த தண்ணீரில் போட்டு முடிக்க வேண்டியவை. வேலை நாளுக்கு அவற்றை நினைத்தே வாங்க வேண்டாம். மூன்றாம் நாளிலிருந்து வெண்டை, கத்தரி, அவரை, பீன்ஸ், பீர்க்கு, புடலை. கடைசி இரண்டு மூன்று நாளுக்குக் கோஸ், கேரட், பீட்ரூட், முள்ளங்கி. சேனை, சேப்பங்கிழங்கு, முழுப் பரங்கிக்காய் ஆகியவை ஃப்ரிட்ஜுக்கு வெளியிலேயே இன்னும் நீண்ட நாள் நிற்கும், ஆனால் பரங்கிக் கீற்றை வாங்கினால் அதுவும் மூன்று நாள் காய்தான்.

வைக்கும் முறையிலும் தவறு நடக்கிறது. வந்தவுடன் எல்லாவற்றையும் கழுவி அடுக்குவது பார்க்கச் சுத்தமாகத் தெரியும், ஆனால் ஈரம்தான் கீரைக்கும் வெண்டைக்கும் எமன். கீரையின் வேரை மட்டும் நறுக்கி, மஞ்சளான இலையை எடுத்துவிட்டு, காய்ந்த பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள், கழுவுவது சமைக்கும்போது. செய்தித்தாளில் சுற்றும் பழக்கம் எல்லா வீட்டிலும் இருக்கிறது, ஆனால் அச்சு மை உணவில் ஒட்டும் என்பதால் உணவுப் பாதுகாப்பு ஆணையமே அதை வேண்டாம் என்கிறது. பழைய வேட்டித் துண்டு போதும். முள்ளங்கியின் இலையை வந்தவுடன் கிள்ளி எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் கிழங்கிலுள்ள தண்ணீரை அது இழுத்து முள்ளங்கியைத் தக்கையாக்கிவிடும். அந்த இலையும் பொரியலுக்கு ஆகும். உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் ஒரே கூடையில் கொட்டினால் கிழங்கு சீக்கிரம் முளைவிடும், வெங்காயம் அழுகும். சின்ன வெங்காயத்தைப் பிளாஸ்டிக் பையோடு தொங்கவிடுவது மழைக்காலத்தில் காசைத் தொங்கவிடுவதற்குச் சமம்.

மாலையில் தள்ளுவண்டிக்காரர் கூறு கட்டி விற்கும் தக்காளியும் கத்தரியும் மலிவு, சந்தேகமில்லை. அன்றிரவே தொக்காக மாறினால்தான் அது லாபம். 1 கிலோ தக்காளி, அரை கிலோ வெங்காயம், 75 மில்லி நல்லெண்ணெய், உப்பு, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள். அகலமான வாணலியில் எண்ணெய் பிரியும்வரை வதக்க 40 நிமிடம் பிடிக்கும். ஈரம் படாத கண்ணாடிப் பாட்டிலில் ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரத்துக்குக் குழம்புக்கும் முட்டை மசாலாவுக்கும் அடித்தளம் தயார். பாதியில் இறக்கினால் தண்ணீர் நின்று நான்காம் நாள் புளித்துவிடும்.

அரிசிக்குக் கணக்கு, பருப்புக்கு உத்தேசம்

ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டி, 2000 கிலோ கலோரித் தட்டுக்கு ஒரு நாள் அளவாகத் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, எண்ணெய் 27 கிராம் என்று சொல்கிறது. பிள்ளைகளுக்கு வயதுக்கேற்ப இது மாறும். கணக்கு சுலபமாக இருக்க நாலு பெரியவர்கள் என்றே வைத்துக்கொள்வோம்.

தானியம் மாதத்துக்கு 30 கிலோ. ஒரு மூட்டை அரிசி, 5 கிலோ கோதுமை மாவு என்று பார்த்தால் இது எல்லா வீட்டிலும் சரியாகவே வருகிறது. பருப்பு வகை 10 கிலோ 200 கிராம் வர வேண்டும். வழக்கமான பட்டியலைப் பாருங்கள்: துவரை 2 கிலோ, உளுந்து 1 கிலோ, பாசிப்பருப்பு, கடலைப்பருப்பு, பொட்டுக்கடலை தலா அரை கிலோ. மொத்தம் நாலரை. பாதிகூட இல்லை. வழிகாட்டியின் 85 கிராமில் முட்டை, மீன், கறியும் அடக்கம் என்பதால் அசைவ வீடுகள் ஓரளவு தப்பிக்கின்றன. சைவ வீடுகளில்தான் பள்ளம் பெரிது.

நாலு பேர் சாம்பாருக்கு 100 கிராம் துவரம் பருப்பு போடுகிறோம் என்றால் ஆளுக்கு 25 கிராம். அதில் புரதம் ஐந்தரை கிராம் அளவில் வரும். ஏறத்தாழ ஒரு முட்டை. மதியம் இரண்டு கரண்டி சாம்பார், இரவு தோசைக்கு வெங்காயச் சட்னி என்று நாளை முடித்தால் தட்டில் இருப்பது பெரும்பாலும் அரிசிதான். இதைச் சரிசெய்யப் புரதப் பவுடர் டப்பா வேண்டியதில்லை. கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, முழுப் பாசிப்பயறு, கொள்ளு ஆகியவற்றில் மாதத்துக்கு 3 கிலோ பட்டியலில் சேருங்கள். வாரத்துக்கு ஒருமுறை அரை கிலோ கொண்டைக்கடலையை இரவில் ஊறவைத்து, காலையில் உப்புப் போட்டுக் குக்கரில் வேகவைத்தால் ஒரு கிலோவுக்கு மேல் வரும். மூன்று டப்பாவாகப் பிரித்து இரண்டை ஃப்ரீசரில் வைத்தால், ஒரு சுண்டலும் ஒரு குழம்பும் ஒரு அவசர இரவும் முடிந்தது. ஊறவைக்க மறந்துவிட்டு மாலையில் கடலையைத் தேடுவதுதான் இதிலுள்ள ஒரே சிக்கல். வெள்ளிக்கிழமை இரவுக்கு மொபைலில் அலாரம் வையுங்கள்.

காய்கறி வாரத்துக்கு 11 கிலோ என்று சொன்னால் பலருக்கு நம்பிக்கை வராது. ஐந்தாறு கிலோவில்தான் வாரம் ஓடுகிறது. ஒரே தாவலில் 11 கிலோவுக்குப் போனால் பாதி அழுகும்; இரண்டு தவணையாக வாங்கினால்தான் ஏறும். ஞாயிறு ஒரு பை, புதன் மாலை வேலையிலிருந்து வரும் வழியில் அரை மணி நேரம்.

ரேஷனுக்கு முன்பே மளிகை

தமிழ்நாட்டில் ரேஷன் அட்டைக்கு அரிசி இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளிச்சந்தை விலையோடு ஒப்பிட்டால் இந்த இரண்டிலும் மிச்சமாகும் காசு ஒரு வார முட்டைச் செலவை எளிதாகத் தாண்டும். இருந்தும் ஒன்றாம் தேதியே முழுச் சாமானையும் கடையில் வாங்கிவிட்டு, ரேஷன் பருப்பு வந்தபோது ‘வீட்டில் இருக்கிறதே’ என்று விட்டுவிடுகிறார்கள். மாதத் தொடக்கத்தில் துவரையில் பாதியை மட்டும் கடையில் வாங்குங்கள். ரேஷன் புழுங்கலரிசி இட்லிக்கு நன்றாகவே வரும். அதில் செறிவூட்டிய மணிகள் கலந்திருந்தால் நிறம் லேசாக மாறித் தெரியும். 100 கிலோவுக்கு 1 கிலோ என்ற அளவில் கலக்கும் அந்த மணிகளில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12-ம் இருக்கின்றன. பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறிவது சத்தை எறிவதுதான். (தலசீமியா உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.)

கடையில் அரிசி மூட்டை விலை கேட்கும்போது எடையையும் கேளுங்கள். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்த பிறகு 26 கிலோ மூட்டைகள் வந்துவிட்டன. ஒரு கடையின் 25-ஐ இன்னொரு கடையின் 26-ஓடு ஒப்பிட்டு ஏமாறுவது சாதாரணம். எண்ணெய் பாக்கெட்டிலும் அப்படித்தான். 1 லிட்டர் என்றால் ஏறக்குறைய 910 கிராம். அதே உயரத்தில் 850 கிராம் பாக்கெட்டும் பக்கத்திலேயே இருக்கும். விலைக்குக் கீழே சின்ன எழுத்தில் ‘யூனிட் சேல் பிரைஸ்’ என்று கிராமுக்கோ மில்லிக்கோ ஆகும் விலை அச்சிட்டிருப்பார்கள். பார்க்க வேண்டியது அந்த எண்ணைத்தான்.

உழவர் சந்தை 1999 நவம்பரில் மதுரை அண்ணா நகரில் தொடங்கியது. இன்றைக்கும் பல ஊர்களில் நல்ல விலைக்கு நல்ல காய் அங்கேதான். ஒன்பதரை மணிக்குப் போய் ‘ஒன்றுமில்லை’ என்று திரும்புகிறவர்கள் உண்டு. அது விடியற்காலைச் சந்தை.

விலை ஏறும் காலத்துக்கு மாற்றுச் சமையல் கையில் இல்லாததும் செலவுதான். தக்காளி எகிறினால் (2023 ஜூலையில் சென்னை ரேஷன் கடைகளிலேயே கிலோ 60 ரூபாய்க்கு விற்றார்கள்) மோர்க்குழம்பு, வத்தக்குழம்பு, பொரிச்ச குழம்பு என்று தக்காளி இல்லாமலே ஒரு வாரத்தை ஓட்டலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை; அந்த 61 நாளில் மீனுக்கு ஒதுக்கிய காசை முட்டைக்கு மாற்றுங்கள். மற்ற நாட்களில் வஞ்சிரத்தைவிட மத்தியும் நெத்திலியும் அயிலையும் விலை குறைவு, சத்தில் ஒரு குறையுமில்லை.

மொத்தமாக ஆட்டி, மொத்தமாகப் புளிக்கவிடுவது

1 கிலோ இட்லி அரிசிக்கு 250 கிராம் உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம். ஆட்டினால் 3 கிலோ அளவு மாவு வரும். இட்லிக்கு 50 கிராம் என்று வைத்தால் 60 இட்லி. நாலு பேர் வீட்டில் வேளைக்கு 16 என்றால் ஏறக்குறைய நாலு வேளை. இதை ஒரே பாத்திரத்தில் புளிக்கவிட்டு, தினம் வெளியே எடுத்து உள்ளே வைத்தால் புதன்கிழமை தோசை வாயில் வைக்க முடியாது. மிச்சத்தை ஊற்றிவிட்டுக் கடையில் மாவு பாக்கெட் வாங்குவார்கள். ஆட்டியவுடன் இரண்டு பாத்திரமாகப் பிரியுங்கள். ஒன்றை மட்டும் இரவு வெளியில் வையுங்கள். மற்றதைப் புளிக்கவிடாமல் நேரே ஃப்ரிட்ஜில் வைத்து, செவ்வாய் இரவு வெளியே எடுத்தால் புதன் காலை புது மாவு. பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம், பொங்கி வழியும்.

சோற்றை மொத்தமாக வடித்து வைக்கும் யோசனை மட்டும் வேண்டாம். வடித்த சோறு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாக வெளியில் கிடந்தால் அதில் வளரும் ஒருவகைக் கிருமி நஞ்சை விட்டுவைக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. இரண்டு மணி நேரத்துக்குள் தட்டில் பரப்பி ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் எலுமிச்சை சாதத்துக்கு ஆகும். முன்கூட்டியே செய்து வைக்கத் தகுந்தவை வேகவைத்த பருப்பு, கெட்டிப் புளிக்கரைசல், துருவிய தேங்காய் ஆகியவைதான். பருப்பும் புளியும் மூன்று நாள், தேங்காய் ஃப்ரீசரில் இரண்டு வாரம்.

‘ஹெல்த்’ என்று எழுதிய டப்பாக்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். பின்பக்கத்தில் உள்ள பொருள் பட்டியலில் சர்க்கரை எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, காயவைத்து மில்லில் அரைத்துக்கொள்ளும் செலவு அந்த டப்பா விலையில் ஒரு பங்குதான்.

மாதம் முடியும்போது எண்ணெயையும் உப்பையும் மட்டும் அளந்து பாருங்கள். பாக்கெட்டைப் பிரிக்கிற அன்றே அதன் மேல் பேனாவால் தேதி எழுதினால் போதும். ஆளுக்கு 27 கிராம் கணக்கில் நாலு பேருக்கு எண்ணெய் மாதம் மூன்றரை லிட்டர், ரேஷன் பாமாயிலையும் சேர்த்து. உப்பு, உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆளுக்கு நாளைக்கு 5 கிராமுக்குள். 1 கிலோ பாக்கெட் நாலு பேருக்கு 50 நாள் வர வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர் வழியாக வரும் உப்பு அந்தப் பாக்கெட்டில் இல்லை.