மென்பொருளிலிருந்து ஆவணம் அச்சாகாதபோது தடையைக் கண்டறியும் முறை

அச்சிடக் கட்டளை கொடுத்தும் தாள் வரவில்லை என்றவுடன் டிரைவரை (கணினியைப் பிரிண்டருடன் பேசவைக்கும் மென்பொருளை) நீக்கிவிட்டு மறுபடி நிறுவத் தொடங்குவது பலரது வழக்கம். ஓர் ஆவணம் மென்பொருளிலிருந்து கிளம்பி, டிரைவரால் பிரிண்டருக்குப் புரியும் மொழிக்கு மாற்றப்பட்டு, ஸ்பூலரின் (அச்சுப் பணிகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் கணினிச் சேவையின்) வரிசையில் காத்திருந்து, கேபிள் அல்லது வைஃபை வழியாகப் பிரிண்டரைச் சென்றடைகிறது. இவற்றில் எந்த இடத்தில் அது நின்றுபோனது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அது தெரியாமல் அமைப்புகளை மாற்றத் தொடங்கினால், சரியாக இருந்தவையும் கெட்டுப்போக இடமுண்டு.

முதற்கட்டச் சோதனைகளுக்குச் சில நிமிடங்களே பிடிக்கும். கணினியின் உதவியில்லாமல் பிரிண்டரின் பொத்தான்கள் அல்லது மெனு வழியாகவே அதன் சோதனைப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். அது வராவிட்டால் தாள், மை, உட்சிக்கல் ஆகியவற்றையே கவனிக்க வேண்டும், மென்பொருளைத் தொடத் தேவையில்லை. அது வந்தால், நோட்பேடில் ஒரு வரி தட்டச்சு செய்து அச்சிடுங்கள். நோட்பேடிலிருந்து வருகிறது, குறிப்பிட்ட மென்பொருளிலிருந்து மட்டும் வரவில்லை என்றால், அந்த மென்பொருளில் அதே ஆவணத்தை ‘மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்’ வழியாகக் கோப்பாகச் சேமித்துப் பாருங்கள். பிடிஎஃப் கோப்பு ஒழுங்காக உருவானால், மென்பொருள் பக்கத்தைச் சரியாகவே தயாரிக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். அவசரமாகத் தாள் தேவைப்படுவோர் அந்தக் கோப்பையே அச்சிட்டுக்கொள்ளவும் முடியும்.

அடுத்துச் செய்ய வேண்டியதே மிகுந்த பலன் தருவது என்பது என் உறுதியான கருத்து: பிரிண்டரின் வரிசைச் சாளரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கட்டளையைக் கொடுங்கள். ஆவணத்தின் பெயர் அங்கே தோன்றவே இல்லையென்றால், மென்பொருள் அதை வேறொரு பிரிண்டருக்கு அனுப்புகிறது என்பதே பெரும்பாலும் காரணம். ஒரே பிரிண்டர் பட்டியலில் இரண்டு முறை, ஒன்றின் பெயருக்குப் பின்னால் ‘காப்பி 1’ என்ற ஒட்டுடன் இருப்பதைப் பார்க்கலாம். கணக்கு, பில்லிங் போன்ற மென்பொருள்களில் சில, பிரிண்டரின் பெயரைத் தம் சொந்த அமைப்புகளில் பதிந்துவைத்திருக்கும்; பிரிண்டரை மாற்றிய பிறகும் அவை பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கும். விண்டோஸ் 10 முதல், இயல்புநிலைப் பிரிண்டரை விண்டோஸே தீர்மானிக்கும் அமைப்பு ஒன்றும் உண்டு. அது இயங்கினால் கடைசியாகப் பயன்படுத்திய பிரிண்டர் இயல்புநிலையாகிவிடும் என்பதால், அதை அணைத்துவிட்டு வேண்டியதை நீங்களே தேர்ந்தெடுப்பது நல்லது.

பெயர் தோன்றி அங்கேயே நின்றுவிட்டால், பிரிண்டர் ‘ஆஃப்லைன்’ என்றோ ‘பாஸ்’ (தற்காலிக நிறுத்தம்) என்றோ குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிரிண்டர் இயங்கிக்கொண்டிருந்தும் ஆஃப்லைன் என்று காட்டினால், ரவுட்டர் அதற்குப் புதிய ஐபி முகவரி (நெட்வொர்க்கில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண்) கொடுத்திருக்கக்கூடும். பிரிண்டர் அச்சிட்டுத் தந்த அமைப்புப் பக்கத்திலுள்ள முகவரியையும், கணினியில் பிரிண்டர் பண்புகளின் ‘போர்ட்ஸ்’ பகுதியிலுள்ள முகவரியையும் ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும். போர்ட்டைத் திருத்துவதோடு நிறுத்தாமல், ரவுட்டரில் அந்த முகவரியைப் பிரிண்டருக்கென்றே ஒதுக்கிவைத்தால் இதே தொல்லை திரும்ப வராது.

நீக்கக் கட்டளை கொடுத்தும் போகாமல் ஓர் ஆவணம் வரிசையை அடைத்துக்கொண்டிருந்தால், ஸ்பூலரைக் காலிசெய்ய வேண்டும். நிர்வாகி உரிமையுடன் ‘சர்வீசஸ்’ சாளரத்தைத் திறந்து ‘பிரிண்ட் ஸ்பூலர்’ சேவையை நிறுத்துங்கள். பிறகு சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல் ஆகிய கோப்புறைகளுக்குள் சென்று, அங்குள்ள ‘பிரிண்டர்ஸ்’ கோப்புறையைத் திறந்து அதனுள் இருக்கும் கோப்புகளை மட்டும் நீக்குங்கள். கோப்புறையை நீக்கக் கூடாது. சேவையை மீண்டும் தொடங்கினால் வரிசை காலியாக இருக்கும். பலர் பகிர்ந்துகொள்ளும் கணினியானால், மற்றவர்கள் அனுப்பிக் காத்திருக்கும் ஆவணங்களும் சேர்ந்தே அழியும் என்பதால் முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். மேக் கணினியில், பிரிண்டர் பட்டியலின் மீது கன்ட்ரோல் விசையை அழுத்திச் சொடுக்கினால் அச்சு அமைப்பு முழுவதையும் மீட்டமைக்கும் தேர்வு கிடைக்கும்; அது எல்லாப் பிரிண்டர்களையும் பட்டியலிலிருந்து நீக்கிவிடும்.

பெயர் தோன்றி மறைந்தும் தாள் வராவிட்டால் பிரிண்டரின் திரையைப் பாருங்கள். ஆவணம் லெட்டர் அளவிலும் தட்டிலுள்ள தாள் ஏ4 அளவிலும் இருந்தால், பிரிண்டர் சரியான தாளுக்காக விளக்கைச் சிமிட்டிக்கொண்டு காத்திருக்கக்கூடும். லெட்டர் தாள் 216க்கு 279 மில்லிமீட்டர், ஏ4 தாள் 210க்கு 297 மில்லிமீட்டர். வேறுபாடு கண்ணுக்கு எளிதில் படாது. தாள் வந்தும் அதில் பொருளற்ற குறிகள் நிரம்பியிருந்தால் முதல் வரியைக் கவனியுங்கள். விழுக்காட்டுக் குறி, வியப்புக் குறி, அவற்றையடுத்துப் பி, எஸ் என்ற ஆங்கில எழுத்துகள் என்று அது தொடங்கினால், டிரைவர் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற அச்சு மொழியில் அனுப்புகிறது, பிரிண்டர் அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளாமல் வெறும் எழுத்தாக அச்சிடுகிறது என்று பொருள். அந்த மாடல் ஏற்கும் மொழிக்குரிய டிரைவரை, பெரும்பாலும் பிசிஎல் என்ற மற்றோர் அச்சு மொழிக்கான டிரைவரை, நிறுவ வேண்டும். பிடிஎஃப் ஆவணத்தில் எழுத்துகள் மட்டும் கட்டங்களாக மாறினால் அது எழுத்துருச் சிக்கல். அடோபி ரீடரின் அச்சுச் சாளரத்தில், ‘அட்வான்ஸ்டு’ பகுதியிலுள்ள ‘பிரிண்ட் ஆஸ் இமேஜ்’ தேர்வைக் குறித்து அச்சிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஒரே ஒரு வேர்டு ஆவணம் மட்டும் அச்சாக மறுத்தால் அந்தக் கோப்பு சிதைந்திருக்கலாம். கடைசிப் பத்திக் குறியைத் தவிர மற்ற அனைத்தையும் நகலெடுத்துப் புதிய ஆவணத்தில் ஒட்டுங்கள். ஆவணத்தின் வடிவமைப்புத் தகவல்களில் பல அந்தக் கடைசிக் குறியோடு ஒட்டிக்கொண்டிருப்பதால், அதைச் சேர்த்தால் கோளாறும் கூடவே வந்துவிடக்கூடும். எக்செலில் பாதி அட்டவணை மட்டும் வந்தால் ‘பிரிண்ட் ஏரியா’ அமைப்பை நீக்கிப் பாருங்கள்.

இவை எதுவும் பலிக்காதபோது டிரைவரை மாற்றலாம். பிரிண்டரைப் பட்டியலிலிருந்து நீக்குவது மட்டும் போதாது. ‘பிரிண்ட் சர்வர் பிராப்பர்ட்டீஸ்’ சாளரத்தின் ‘டிரைவர்ஸ்’ பகுதியில் டிரைவர் தொகுப்பையும் சேர்த்து நீக்காவிட்டால், விண்டோஸ் பழையதையே எடுத்து நிறுவிவிடும். எப்போதாவது மட்டும் தலைகாட்டி மறையும் கோளாறுக்கு, ‘ஈவென்ட் வியூவர்’ மென்பொருளில் ‘பிரிண்ட்சர்வீஸ்’ என்பதன் கீழுள்ள ‘ஆப்பரேஷனல்’ பதிவேட்டை இயக்கிவையுங்கள். அது இயல்பாக அணைந்தே இருக்கும். இயக்கிவிட்டால், அடுத்த முறை அச்சு தவறும்போது எந்தப் பிரிண்டர், எத்தனை மணிக்கு என்ற விவரங்கள் அதில் பதிவாகியிருக்கும்.