அண்ணனோடு சேர்ந்து செலவு செய்யும்போது சரிபாதி போடாதீர்கள்

வீட்டு விசேஷத்துக்குச் சேர்ந்து செலவு செய்யும் அண்ணனோ அக்காவோ உங்களைவிடப் பல மடங்கு சம்பாதிக்கிறார்கள் என்றால், செலவைச் சரிபாதியாகப் பிரிக்காமல் கைக்கு வரும் சம்பள விகிதத்தில் பிரித்துக்கொள்ளுங்கள். அதையும் மண்டபத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பேசிவிடுங்கள்.

அப்பாவுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம், மொத்தச் செலவு 2 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அண்ணனுக்கு மாதம் 1,50,000, உங்களுக்கு 50,000 என்றால் அவர் ஒன்றரை லட்சம், நீங்கள் ஐம்பதாயிரம். இரண்டு பேருக்கும் போவது ஒரு மாதச் சம்பளம்தான், அதனால் யாருடைய பங்கும் சின்னது இல்லை. சரிபாதி என்றால் உங்களுக்கு இரண்டு மாதச் சம்பளம் காலி, ‘அவனுக்குக் குறைந்தவனா நான்’ என்கிற ரோஷத்தில் நகையை அடகு வைத்து வட்டி கட்டுபவர்களைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை.

அண்ணனுக்கு வீட்டுக்கடன் தவணை பெரிதாக இருந்தால் அதைக் கழித்துவிட்டு விகிதம் போடுங்கள். அப்புறம், கொடுத்ததை நாலு பேர் முன்னால் சொல்லிக்காட்டுகிற ஆள் என்றால் இந்தக் கணக்கே வேண்டாம். பூ, மாலை, ஐயர் தட்சணை என்று உங்களால் முடிந்ததை மட்டும் முழுசாக ஏற்றுக்கொள்ளுங்கள்.