முதலில் வெயில், அப்புறம் பெயிண்ட்

மதுரையில் திருநகர், ஒத்தக்கடை பக்கம் வீடு கட்டுகிறவர்களுக்கு எலிவேஷன், அதாவது வீட்டின் முகப்புத் தோற்றம், வரைந்து கொடுப்பது என் வேலை. ரெண்டர், அதாவது கம்ப்யூட்டர் மாடலை நிஜ வீட்டுப் படம் மாதிரி ஆக்குவது, பழக வருகிற பிள்ளைகள் எடுத்த எடுப்பில் சுவர், தரைக்கு நிறமும் கல்லும் கொடுக்கிற மெட்டீரியல் பக்கம்தான் போகிறார்கள். வேண்டாம். வெளிச்சம் சரியாக விழாத சுவருக்கு எந்த நிறம் அடித்தாலும் அட்டை மாதிரிதான் தெரியும்.

ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் 3டி மாடல் முடிந்ததும் முழு வீட்டையும் சாம்பல் நிறத்திலேயே விடுங்கள். டீஃபால்ட் லைட்டிங்கை அணைத்து, லைட்டிங் யூனிட்டை இன்டர்நேஷனலுக்கு மாற்றி, சன் ஸ்டேட்டஸை ஆன் செய்யுங்கள். ஜியோகிராஃபிக் லொகேஷனில் மதுரை: அட்சரேகை 9.93 வடக்கு, தீர்க்கரேகை 78.12 கிழக்கு. வடக்குத் திசையை மனை வரைபடத்தின்படி திருப்பி வையுங்கள். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

சரியாக அமைந்ததா என்று பார்க்க டிசம்பர் 21, பகல் 12.15 போடுங்கள். தெற்குச் சுவரில் 2 அடி நீட்டிய சன்ஷேடின் நிழல் கிட்டத்தட்ட 3 அடி கீழே இறங்க வேண்டும். ஜூன் 21க்கு மாற்றினால் அந்த நேரத்தில் அதே சுவரில் வெயிலே படக்கூடாது. ஆனி உச்சிவெயில் நமக்கு வடக்கே சாய்ந்திருக்கும். இரண்டும் ஒத்துவந்தால் அது மதுரை வெயில்தான். வீட்டுக்காரரிடம் காட்டும் படத்துக்குக் கிழக்குப் பார்த்த வீடென்றால் காலை 9 மணி, மேற்கென்றால் மாலை 4 மணி வையுங்கள். நிழல் சாய்ந்து விழுந்து போர்டிகோத் தூண்களை எடுத்துக் காட்டும்.

அப்புறம் மெட்டீரியல். இதில் அளவுதான் உயிர். 8 அங்குல ஆத்தங்குடித் தரைக் கல்லின் போட்டோவைப் போடுகிறீர்கள் என்று வையுங்கள். படத்தில் ஒரே கல் இருந்தால் டெக்ஸ்சர் எடிட்டரில் சாம்பிள் சைஸ், அதாவது அந்தப் படம் நிஜத்தில் அடைக்கும் அளவு, 8 அங்குலம். நாலுக்கு நாலு என்று 16 கல் இருந்தால் 32 அங்குலம். இதைத் தொடாமல் விட்டால் கல்லின் அளவு தப்பாகத் தெரியும். பளபளப்பு கிரானைட்டுக்கு அதிகம், ரெட் ஆக்ஸைடு தரைக்குக் கொஞ்சம், பூச்சுச் சுவருக்கு வேண்டவே வேண்டாம்.

உள்அறைக்கு பாயின்ட் லைட், அதாவது பல்பு மாதிரி எல்லாப் பக்கமும் வெளிச்சம் தருவது, போதும். அதன் வெளிச்ச நிறம் மஞ்சள் பல்புக்கு 2700 கெல்வின், டியூப்லைட்டுக்கு 6500. சரிபார்க்கும்போதெல்லாம் ரெண்டரை லோ குவாலிட்டியிலேயே ஓட்டுங்கள். வீட்டுக்காரர் நிறத்தை உறுதி செய்த பிறகு ஹை போட்டால் போதும்.