விமானத்தின் பிளாப் அசையாதபோது நம் பெடியள் விடும் தவறுகள்

கொழும்புக்குப் பக்கத்தில் இரத்மலானை விமான நிலையத்தில் சிறிய விமானங்களில் வேலை பழகும் கொக்குவில் தம்பி ஒருவர் போன கிழமை இரவு தொலைபேசி எடுத்தார். "அண்ணை, பிளாப் மோட்டார் செத்துப்போச்சு. புதுசு ஓடர் பண்ணச் சொல்லட்டோ?"

"என்னத்தை வைச்சுச் செத்தது எண்டு சொல்லுறீர்?"

"சுவிட்சை அமத்தினா அசையுதில்லை."

வெளிநாட்டில் பல வருடங்கள் இந்த ரக விமானங்களைத் திருத்திவிட்டு ஊர் திரும்பியவன் நான். இந்தப் பேச்சை எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டேன். யாழ்ப்பாணத்தில் ஆட்டோவும் டிராக்டரும் வயரிங் பண்ணிக் கை பழகிய பிள்ளைகள் இப்போது விமான வேலைக்குப் போகிறார்கள். அவர்களை நினைத்தே இதை எழுதுகிறேன்.

தம்பி வேலை பழகுவது லைட் ஸ்போர்ட் விமானங்களில். லைட் ஸ்போர்ட் விமானம் என்பது வழக்கமாக இரண்டு பேர் ஏறும் சின்ன விமானம். அமெரிக்கா 2004 இல் வகுத்த விதிப்படி, தரையில் இறங்கும் ரகத்தின் மொத்த எடை 600 கிலோவைத் தாண்டக்கூடாது என்று இருந்தது. இறக்கையின் பின் ஓரத்தில் கீழே மடங்கும் பகுதிதான் பிளாப். பல விமானங்களில் அதை அசைப்பது 12 வோல்ற் மோட்டார் ஒன்று. மோட்டார் ஒரு திருகுத் தண்டைச் சுற்றும், தண்டு நீண்டு சுருங்கும், பிளாப் இறங்கி ஏறும். பிளஸ் மைனஸை மாற்றிக் கொடுத்தால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். அமைப்பு அவ்வளவுதான்.

தோட்டக் கிணற்று மோட்டாரை நினைத்துப் பாருங்கள். மெல்லிய வயரை நூறு யார் இழுத்துக் கொடுத்தால் அது உறுமும், ஆனால் தண்ணீர் இறைக்காது. அங்கே மோட்டாரில் பழுதே இல்லை. பிளாப்பிலும் நான் கண்ட பழுதுகளில் பெரும்பாலானவை மோட்டாருக்கு வரும் வழியில்தான் இருந்தன. ஆனால் நம் பெடியள் செய்வது என்ன? மோட்டார் பிளக்கைக் கழற்றி மீற்றரை வைக்கிறார்கள். 12 காட்டுகிறது. "கரண்ட் வருது, அப்ப மோட்டார்தான் பழுது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கழற்றிய பிளக்கில் காட்டும் 12 எதற்கும் சாட்சி இல்லை. ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீற்றர் 12 தான் காட்டும். மோட்டாரை மாட்டிய நிலையில், ஒருவர் சுவிட்சை அமத்திப் பிடிக்க, அப்போது அளக்க வேண்டும். மீற்றரின் ஒரு முனை பற்றரி மைனஸில், மற்றது மோட்டாரின் மைனஸ் பக்கத்தில். நல்ல இணைப்பென்றால் மிகச் சிறிய அளவுதான் வரும். மோட்டார் 5 அம்பியர் இழுக்கும்போது வழியில் அரை ஓம் தடை இருந்தால் 2.5 வோல்ற் அங்கேயே போய்விடும். பிளஸ் பக்கத்தையும் இதேபோலப் பார்க்கவேண்டும். ஒன்றை மறக்காதீர்கள்: கீழே இறங்கும்போது மைனஸாக இருக்கும் வயர் மேலே ஏறும்போது பிளஸ். காரில் போல ஒரு வயர் எப்போதும் ஏர்த் (உடம்போடு சேர்ந்த மைனஸ்) என்று நினைத்து அளந்தால் கணக்குப் பிழைத்துவிடும். ஃபைபர் உடம்பு விமானத்தில் உடம்பு ஏர்த் ஆகாது என்பதும் ஞாபகத்தில் இருக்கட்டும். அங்கே திரும்பி வரும் வயரையும் தேடிப் பிடிக்கவேண்டும்.

இந்த வேலை தொடங்கமுன் இக்னிஷனை நிறுத்திச் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போடுங்கள். பிளாப் இடுக்கில் யாரும் கை வைக்கக்கூடாது. விட்டுவிட்டு வரும் பழுது எந்த நிமிடத்தில் உயிர் பெறும் என்று சொல்லமுடியாது.

அடுத்தது பியூஸ். இங்கே கொஞ்சம் மனம் விட்டுச் சொல்லவேண்டும். போர்க்காலப் பொருளாதாரத் தடை நேரத்தில் சைக்கிள் டைனமோ சுற்றி வானொலி கேட்ட ஊர் இது. ரெண்டு சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினோம். கிடைத்ததை வைத்துச் சமாளிக்கும் அந்தக் கெட்டித்தனத்தில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் அதை விமானத்துக்குள் கொண்டுபோகவே கூடாது. பியூஸ் போகிறதென்று பெரியதைப் போட்டால் மோட்டார் இறுகி நிற்கும் நேரத்தில் வயர் எரியும், அதுவும் இறக்கைக்குள், எரிபொருளுக்குப் பக்கத்தில். பியூஸ் காப்பது வயரை. அது திரும்பத் திரும்பப் போனால் எங்கோ இறுக்கம் இருக்கிறது. தண்டை பிளாப்பிலிருந்து கழற்றி, கையால் பிளாப்பை ஏற்றி இறக்கிப் பாருங்கள். கீல் காய்ந்திருக்கலாம், தண்டின் முனை வளைந்திருக்கலாம். அப்புறம், துருநீக்கும் ஸ்பிரேயைத் திருகுத் தண்டில் அடிக்கவேண்டாம். அது உள்ளே இருக்கும் கிறீஸைக் கழுவிவிடும்.

பற்றரியிலிருந்து நேரே வயர் கொடுத்து ஓட்டிப் பார்ப்பதும் வழக்கம். அதற்குமுன், தண்டு எல்லைக்குப் போனதும் மோட்டாரை நிறுத்தும் லிமிட் சுவிட்ச் எங்கே இருக்கிறதென்று வயரிங் படத்தில் பாருங்கள். சிலவற்றில் மோட்டார் கூட்டுக்குள்ளேயே இருக்கும், சிலவற்றில் வெளியே. வெளியே இருப்பதைத் தாண்டிக் கரண்ட் கொடுத்தால் நிறுத்த யாருமில்லை. தண்டு கடைசிவரை போய் இறுகிவிடும், நல்ல மோட்டாரும் கெடும். நேரே ஓட்டுவதென்றால் பியூஸ் வைத்த வயரால், நொடிக்கணக்கில் மட்டும் ஓட்டுங்கள். இந்த மோட்டார்கள் விடாமல் ஓடச் செய்யப்பட்டவையும் அல்ல. பத்து இருபது தரம் மேலும் கீழும் ஓட்டினால் சூடேறும். சூட்டில் தானாக நிற்கும் பாதுகாப்பு உள்ளவை அப்படியே நின்றுவிடும். "இப்ப முழுக்கப் போயிட்டுது" என்று பதறாமல் ஆறவிடுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் ஓடி, திரும்பி வராவிட்டால்? அது நல்ல துப்பு. மோட்டாரும் பியூஸும் பெரும்பாலும் நல்ல நிலையில்தான் இருக்கும். பல அமைப்புகளில் லிமிட் சுவிட்சுக்குக் குறுக்கே, கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் டயோட் ஒன்று இருக்கும். கடைசிவரை போனபின் திரும்பி வர வழி கொடுப்பது அதுதான். அது திறந்துபோனால் பிளாப் போன இடத்திலேயே நிற்கும். அடுத்துப் பார்க்கவேண்டியவை ரிலேயும் (சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) கை சுவிட்சின் கருகிய தொடுமுனைகளும்.

நம் குடாநாட்டில் வேலை செய்பவருக்கு உப்புக்காற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பலாலி, காங்கேசன்துறைப் பக்கம் தகரம் எவ்வளவு வேகமாக அரிக்கும் என்று தெரியும். செம்பு பச்சை பிடிக்கும். வயர் நுனியில் போல்ட்டுக்கு மாட்டும், வெளியே மினுங்கும் வளையத்துக்குள்ளேயே வயர் தூளாகியிருக்கும். வெட்டிப் புதிதாகப் போடும்போது ஈயம் வைத்து ஒட்டுவதைவிட, தகரப்பூச்சுள்ள வயரைச் சரியான குறட்டால் அழுத்துவதே நல்லது. ஈயம் ஊறிய இடம் விறைக்கும், அதிர்வில் அதன் ஓரம் முறியும்.

பிளாப் எவ்வளவு இறங்கியது என்று காட்டும் காட்டி தவறாகக் காட்டினால் பிளாப்பில் கை வைக்காதீர்கள். கோணத்தை அளந்து விமானத்தின் பராமரிப்புப் புத்தகத்துடன் ஒப்பிட்ட பிறகுதான் எது பிழை என்று தெரியும். இரண்டு பக்கமும் தனித்தனியாக அளக்கவேண்டும். ஒரு பிளாப் இறங்கி மற்றது இறங்காவிட்டால் விமானம் ஒரு பக்கம் உருளப் பார்க்கும்.

"நாளைக்குப் பறக்கவேணும்" என்ற அவசரத்தில் அரைகுறையாக முடிப்பவர்களும் உண்டு. பிளாப் இல்லாமலும் இந்த விமானங்கள் இறங்கும். அதே 2004 விதி, பிளாப் போடாத நிலையிலேயே, வேகத்தை 45 நொட் (மணிக்குச் சுமார் 83 கிலோமீற்றர்) வரை குறைத்தாலும் விமானம் தூக்குவிசை இழக்காமல் பறக்கவேண்டும் என்றது. வேகமும் ஓடுபாதையும் கொஞ்சம் கூடத் தேவை, அவ்வளவே. எதிர்பாராத நேரத்தில் பாதியில் மாறும் பிளாப்தான் ஆபத்து.

தம்பி மறுநாள் அளந்து சொன்னார். மைனஸ் பக்கத்தில் மட்டும் 8 வோல்ற். பின்னால் போய்த் தேடியபோது, ஏர்த் போல்ட்டின் கீழே வளையம் பச்சையாக இருந்ததாம். வெட்டிப் புது வளையம் போட்டதும் பிளாப் இறங்கியது. உரிமம் பெற்ற பொறியியலாளர் கோணம் அளந்து பதிவேட்டில் கையொப்பம் வைக்கும்வரை விமானம் கொட்டகையிலேயே நின்றது. மோட்டார் ஓடர் பண்ணவில்லை.