பெரிய ஆர்சி ப்ளேன்ல சர்வோவுக்கு தனி பவர் குடுக்குறது எப்படி

ஆர்சி (ரிமோட்ல பறக்குற) ப்ளேன்ல சர்வோவ (றெக்கை, வால் பலகைய அசைக்குற சின்ன மோட்டர்) ரிசீவர்ல (ரிமோட் சிக்னல வாங்குற பெட்டி) மாட்டத் தெரியும், சால்டரிங் ஓரளவு வரும்னா இது உங்களுக்குத்தான். சின்ன ஃபோம் ப்ளேனுக்கு இது தேவையே இல்ல, ஈஎஸ்சிக்குள்ள (மோட்டர் வேகத்த கட்டுப்படுத்துற போர்டு) இருக்குற பீஈசி (ரிசீவருக்கும் சர்வோவுக்கும் பவர் குடுக்குற சர்க்யூட்) போதும். ரெண்டு மீட்டர் றெக்கைக்கு மேல போனா நெலம வேற. ஏலரான் 2, எலிவேட்டர் 2, ஃப்ளாப் 2, ரடர் 1, எல்லாமே ஹை டார்க் (திருப்புற பலம் கூடின) டிஜிட்டல் சர்வோன்னா லோடு ஏறும்போது ஒவ்வொண்ணும் 2, 3 ஆம்பியர் இழுக்கும், ஆனா நெறைய பீஈசி 3லருந்து 5 ஆம்பியர் வரைக்கும்தான். வோல்டேஜ் ஒரு கணம் விழுந்தாலே ரிசீவர் ரீஸ்டார்ட் ஆயிரும், அந்த நேரம் ப்ளேன் யார் கையிலயும் இல்ல. நம்ம பண்டாரவளை, அப்புத்தளை பக்கம் ஆடி மாசக் காத்துல சர்வோ நேரா புடிச்சிட்டு நிக்கவே கரண்ட் தின்னும்.

மொதல்ல பெட்டரி. என் சாய்ஸ் 2 செல் லைஃப் (LiFe, லித்தியம் அயர்ன் வகை) பேக், 6.6 வோல்ட். லைப்போ 2 செல் ஃபுல் சார்ஜ்ல 8.4 போகும், அதுக்கு எச்வி (கூடின வோல்டேஜ் தாங்குற) சர்வோ வேணும். சர்வோ மேல 6 வோல்ட்னு போட்டிருந்தா ரெண்டையுமே நேரடியா குடுக்காதீங்க, நடுவுல ரெகுலேட்டர் வைங்க.

அப்புறம் ஒரு பவர் போர்டு. பெட்டரியிலருந்து போர்டுக்கு தடிச்ச சிலிக்கன் வயர், எக்ஸ்டி30 பிளக். சர்வோ எல்லாம் போர்டுல, ரிசீவர்லருந்து சிக்னல் மட்டும் வரும். ஸ்லைட் சுவிட்ச் எனக்கு புடிக்கவே புடிக்காது, அதிர்வுல காண்டாக்ட் விடும். பிளக்கையே வெளிய வச்சு கழட்டி மாட்டுறதுதான் நல்லது.

இப்ப முக்கியமான எடம், மெதுவா படிங்க. ரிசீவர்லருந்து போர்டுக்கு வர்ற ஒவ்வொரு வயர்லயும் செவப்ப (பிளஸ்) மட்டும் எடுக்கணும், கறுப்பு (மைனஸ்) கட்டாயம் இருக்கணும். ரெண்டு பவரையும் தனித்தனியா வைக்கணும்னு கறுப்பையும் சேத்து கழட்டிட்டா சர்வோ உதறும், இல்லன்னா அசையவே அசையாது, ஏன்னா சிக்னல் எவ்வளவு வோல்ட்னு சர்வோ அளக்குறதே அந்த கறுப்ப வச்சுத்தான். செவப்ப எடுக்காம விட்டுட்டா 6.6 வோல்ட் பெட்டரி 5 வோல்ட் பீஈசிக்குள்ள கரண்ட தள்ளும், அது சூடாகி போயிரும். செவப்ப வெட்டாதீங்க, ஊசியால பிளக்கோட பிளாஸ்டிக் நாக்க லேசா தூக்குனா பின் வெளிய வந்துரும், ஹீட் ஷ்ரிங்க் போட்டு மடிச்சு வைங்க, நாளைக்கு வேணும்னா திருப்பி சொருகலாம். ஜேஆர் வயர்னா கறுப்புக்கு பதிலா பிரவுன். ஈஎஸ்சி வயர்ல செவப்பு அப்படியே இருக்கட்டும், ரிசீவர் அதுலதான் ஓடுது.

ப்ரொப்பெல்லர கழட்டிட்டு டெஸ்ட் பண்ணுங்க. மொதல்ல ரிமோட், அடுத்து சர்வோ பெட்டரி, கடைசியா ரிசீவர். எல்லா ஸ்டிக்கையும் ஒண்ணா ஆட்டிட்டு போர்டுல வோல்டேஜ் பாருங்க, சாதா மல்டிமீட்டர் ஒரு செக்கனுக்கு ரெண்டு மூணு தரம்தான் காட்டும், வோல்டேஜ் ஒரு கணம் விழுறத தவற விடும், அதனால டெலிமெட்ரி சென்சர (வோல்டேஜ அளந்து ரிமோட்டுக்கு அனுப்புறது) போர்டுலயே மாட்டி மினிமம் வேல்யூவ பாக்குறதுதான் சரி. சர்வோ ஆடிட்டு இருக்கும்போதே ரேஞ்ச் செக்கும் (ரிமோட் சிக்னல் எவ்வளவு தூரம் எட்டுதுன்னு பாக்குறது) பண்ணிருங்க.

இன்னொண்ணு, இந்த செட்டப்புல சர்வோ பெட்டரி செத்தா ரிசீவர் உசுரோட இருந்தும் கண்ட்ரோல் இல்ல. ஒவ்வொரு ஃப்ளைட்டுக்கும் முன்ன அளந்தே ஆகணும், அதுவும் வீட்டுல இல்ல, கிரவுண்ட்ல. நுவரெலியாவுல தை மாசம் உறைபனி விழற காலையில லைஃப் பேக் லோடு குடுத்தா நல்லாவே எறங்கும், சட்டைக்குள்ள வச்சு கொண்டு போனா நல்லது. பெரிய பெட்ரோல் எஞ்சின் ப்ளேனா இருந்தா ஒத்த பேக்க நம்பாதீங்க, ரெண்டு போடுங்க.

பிறகு சேத்தது: ஹட்டன்லருந்து ஒரு தம்பி "அண்ணே, எல்லாம் சொன்ன மாதிரியே செஞ்சேன், ரிசீவர்ல லைட்டே எரியல"ன்னாரு. அவர்ட்ட இருந்தது ஆப்டோ ஈஎஸ்சி, அதுல பீஈசியே கெடயாது. அந்த மாதிரி ஈஎஸ்சினாலும் பெட்ரோல் ப்ளேன்னாலும் ரிசீவருக்கும் சின்னதா ஒரு தனி பெட்டரி வேணும்.